பைப்பில் பூத்த உப்பு

என் காதுக்கு மரக்காணத்தில் ஒரு மரியாதை உண்டு. திண்டிவனம் ரோட்டில் இருக்கும் என் ஷெட்டுக்குள் வண்டி நுழைவதற்கு முன்பே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். பிளக் அடிக்கவில்லையா, கார்பரேட்டரில் தூசியா, வால்வு தட்டுகிறதா, எல்லாம் சத்தத்திலேயே தெரிந்துவிடும். அதனால் வண்டிக்காரர்கள் வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நீ மெக்கானிக்கா, நான் மெக்கானிக்கா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன். "உங்க வாய்க்குப் பயந்துகினே பாதி பேரு வண்டிய பாண்டிக்கு ஓட்டிகினு போறான்" என்பாள் என் மனைவி வசந்தா.

அப்பேர்ப்பட்ட காதை 2006-ஆம் வருஷம் தை மாதத்தில் ஒரு ஆம்னி வேன் ஏமாற்றிவிட்டது. ஏமாந்தது காது மட்டும் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன், பாருங்கள். ஏமாந்தவன் நான்.

வேன் ஜான்சனுடையது. ஊருக்குத் தெற்கே கடலோரக் குப்பங்களில் இருந்து பதினோரு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மரக்காணத்துப் பள்ளிக்கூடத்தில் விடுவான். அந்தப் பதினோரு பேரில் என் மகள் பிரியங்காவும் ஒருத்தி, இரண்டாம் வகுப்பு. எங்கள் வீடும் அந்தப் பக்கம்தான். நான் ஷெட்டைத் திறக்க விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவதால் அவள் வேனில் வருவாள்.

முந்தின ஆடி மாதத்தில் அந்த வேனை நான்தான் கேஸுக்கு மாற்றிக் கொடுத்தேன். பாண்டியில் பழைய கிட் ஒன்று வாங்கி வந்தான் ஜான்சன். வீட்டில் சமைக்கிற சிவப்பு சிலிண்டரைக் கடைசி சீட்டுக்குப் பின்னால் படுக்க வைத்து, இரும்பு பிரேம் வெல்டிங் அடித்து, அங்கிருந்து பைப் இழுத்து, முன் சீட்டுக்கு அடியில் இருக்கும் இன்ஜினில் சேர்த்தேன். பைப் மூட்டில் போடுவதற்குக் கிட்டோடு வந்த வாசர் வெடித்திருந்தது. உப்பளத்துப் பம்புக்குப் போடும் ரப்பர் வாசர் என்னிடம் ஒரு டப்பா நிறையக் கிடந்தது. அளவு கச்சிதமாக இருக்கவே அதையே போட்டேன். சட்டப்படி இது தப்பு என்று எனக்குத் தெரியும். பெட்ரோல் விற்ற விலையில் ஊரே செய்தது, நானும் செய்தேன். ஜான்சன் வண்டிக்கு ஒன்று, கீழ்புத்துப்பட்டில் தங்கராசு வண்டிக்கு ஒன்று, ஆக இரண்டு. தங்கராசின் வண்டியும் பிள்ளைகள் ஏற்றுகிற வேன்தான். என் பெண் உட்கார்ந்து போகிற வண்டியில் என் கையாலேயே அதை மாட்டினேன் என்பதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

பொங்கலுக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை வேன் முதல் முறையாக மக்கர் செய்தது. நின்றபடி ஓடவிட்டால் ஏறி இறங்கி மூச்சு வாங்கியது. மூன்றாவது கியரில் இடித்தது, சில நேரம் பின்னால் பட்டென்று வெடித்தது. பிளக் மூன்றையும் மாற்றி, கேஸ் கலவையைத் திருகி வைத்தேன். சரியாகிவிட்டது. பொங்கல் கழிந்த திங்கட்கிழமை மறுபடியும் அதே இடிப்பு.

அன்றைக்கு ஒரு மணி நேரம் துருவினேன். பிளக் வயர்களின் மேலெல்லாம் உப்புப் படிந்து விரிசல் விட்டிருந்தது. மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே பாடியில் தாவிக்கொண்டிருந்தது. டேப் சுற்றினேன். வயரை மாற்றச் சொன்னேன், வாரக் கடைசியில் மாற்றுவதாகச் சொன்னான். எதற்கும் இருக்கட்டும் என்று பின்னால் சிலிண்டரையும் எட்டிப் பார்த்தேன். பைப் வந்து சேரும் மூட்டில் வெள்ளையாகப் பூத்திருந்தது. எங்கள் ஊரில் ஆணி பூக்கும், ஜன்னல் கம்பி பூக்கும், மீட்டர் பெட்டி பூக்கும். வெள்ளையாக எது தெரிந்தாலும் அது உப்பு. அதற்கு மேல் இங்கே யாரும் யோசிக்க மாட்டோம். கத்தையான வேஸ்ட் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டேன்.

"பாரு, இங்கயும் உப்பு பூத்துருக்குது. டெய்லி ஒரு தபா தொடச்சி வுடு" என்றேன்.

"சரிண்ணா" என்றான் ஜான்சன். சொன்னபடி செய்கிறவன் அவன்.

வேனுக்குள் ஒரு நாற்றம் அடித்தது. எனக்கு அப்போது கடுமையான ஜலதோஷம், அப்படியும் மூக்கில் ஏறியது. கேட்டதும் தலையைச் சொறிந்தான். சனி, ஞாயிறில் அவன் மனைவி மேரிசெல்வியின் கருவாட்டு மூட்டைகளைச் சந்தைக்கு ஏற்றிப் போகிறானாம். மூட்டையெல்லாம் சிலிண்டர் மேல்தான் அடுக்குவானாம். திங்கட்கிழமை பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள் என்று, முன்னால் ஒட்டியிருக்கும் வேளாங்கண்ணி மாதா படத்துக்கு ஊதுபத்தி ஏற்றி வைப்பானாம். கருவாட்டையும் பிள்ளைகளையும் ஒரே வண்டியில் ஏற்றுகிறாயே, உனக்கு அறிவிருக்கிறதா என்று அரைமணி நேரம் திட்டினேன். எனக்கு அறிவிருந்ததா என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

அதே வாரம் டீக்கடையில் தங்கராசைப் பார்த்தேன். "ண்ணா, நம்ம வண்டியிலயும் பைப்புல வெள்ளையா இருக்குதுண்ணா" என்றான். டீயை ஆற்றிக்கொண்டே, "உப்புதான்டா. தொடச்சி வுடு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை. எட்டு மணிக்கும் பனி விலகவில்லை. பக்கத்துக் கடைக்குப் போன் வந்தது. உப்பளத்துக்கு நடுவில் ஈ.சி.ஆர். ரோட்டோரம் வண்டி நின்றுவிட்டது, பிள்ளைகளோடு நிற்கிறேன் என்றான் ஜான்சன். டூல்ஸ் பையை மாட்டிக்கொண்டு மொபெட்டில் போனேன். பத்தடிக்கு முன்னால் வருகிற லாரி தெரியவில்லை. இரண்டு பக்கமும் பாத்திகளில் தண்ணீர் ஒரே வெள்ளையாகத் தெரிந்தது.

வேன் வரப்பை ஒட்டி மண்ணில் இறங்கி நின்றது. பிள்ளைகள் பதினோரு பேரும் உள்ளேதான் இருந்தார்கள். பனியில் லாரி வருவது தெரியாது, கீழே இறங்கக்கூடாது என்று ஜான்சன் அதட்டி வைத்திருந்தான். குளிருக்குக் கண்ணாடியெல்லாம் ஏற்றி, உள்ளே மூச்சுக் காற்றில் புகை படிந்தது போல் இருந்தது. கடைசி சீட்டில் என் மகள் திரும்பி முட்டி போட்டுப் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையை ஆட்டினாள்.

"வயரை மாத்துனியாடா?" என்றேன்.

"இல்லண்ணா. கருவாடு ஏத்தவே நேரம் சரியா பூட்ச்சு."

"உன்ன எல்லாம்..." என்று ஆரம்பித்து, பிள்ளைகள் இருக்கவே வாயை அடக்கிக்கொண்டேன். முன் கதவைத் திறந்து இடது சீட்டைத் தூக்கினேன். அடியில் இன்ஜின். கருவாட்டு நாற்றம், இன்னும் ஜலதோஷம் விடாத என் மூக்கிலும் குப்பென்று ஏறியது. மெக்கானிக் எல்லாரும் செய்கிற சோதனையைத்தான் நானும் செய்தேன். பிளக் வயரைப் பிடுங்கி, பையிலிருந்த பிளக்கை அதில் சொருகி, அதன் உடம்பை இன்ஜினில் ஒட்டிப் பிடித்தேன். சாவியைத் திருப்பினால் முனையில் நீலமாகப் பொறி தெறிக்க வேண்டும். தெறித்தால் கரன்ட் வருகிறது என்று அர்த்தம்.

ஜான்சன் டிரைவர் பக்கம் வெளியே நின்று, கையை உள்ளே விட்டுச் சாவியைப் பிடித்துக்கொண்டான்.

"நான் சொன்னதும் திருப்பு" என்றேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து பிரியங்கா கூப்பிட்டாள். "அப்பா, இந்த உப்பு சில்லுன்னு இருக்குதுப்பா."

"சும்மா உக்காருடி."

"நெசமாப்பா. வெரல் ஒட்டிக்குது. கடிக்குது."

பிளக்கைப் பிடித்த கை அப்படியே நின்றது. உப்பு சில்லென்று இருக்குமா? பிறந்ததிலிருந்து உப்பில் புரண்டவன் நான். உப்பு நறநறக்கும், அரிக்கும், காயத்தில் பட்டால் எரியும். விரலில் ஒட்டிக்கொண்டு கடிக்கிற அளவுக்கு அது குளிர்ந்ததே இல்லை. அப்படிக் கடிப்பது ஐஸ். கேஸ் ஒழுகுகிற இடத்தில் ஐஸ் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. போன வாரம் துணியால் நான் துடைத்தது உப்பு இல்லை. மூக்கில் ஏறியதும் வெறும் கருவாடு இல்லை.

கேஸ் காற்றைவிடக் கனம், மேலே போகாது, தரையோடு தரையாகத் தேங்கும். கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. பதினோரு பிள்ளைகளின் காலடியில் அது இத்தனை நேரமும் நிரம்பியிருக்கிறது. பொறி பறக்க வேண்டிய பிளக்கை அதற்குள் நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் நான்.

கத்த நினைத்தேன், நாக்கு எழவில்லை. ஊரையே திட்டித் தீர்க்கிற வாய், ஒரு சொல் வேண்டிய நேரத்தில் செத்துக் கிடந்தது.

"அடிக்கட்டுமாண்ணா?" என்றான் ஜான்சன். தூக்கி வைத்த சீட்டு நடுவில் மறைத்ததால் என் முகம் அவனுக்குத் தெரியவில்லை. தலையை ஆட்டினேன். அதுவும் அவனுக்குத் தெரியாது.

"ண்ணா? அடிக்கவா?"

பிளக்கை விட்டுவிட்டு அப்படியே குறுக்கே பாய்ந்தேன். கியர் கம்பி விலாவில் குத்தியது. சாவியோடு சேர்த்து அவன் மணிக்கட்டைக் கவ்விப் பிடித்தேன். சாவி திரும்பியிருக்கவில்லை.

"கைய எடு" என்று ஒருவழியாகக் குரல் வந்தது. "எதையும் தொடாத. கேஸ் லீக் ஆவுது."

ஜான்சன் சாவியை விட்டுக் கையை இழுத்துக்கொண்டான். "மாதாவே" என்று மட்டும் சொன்னான்.

பிள்ளைகளை இறக்க வேண்டும். ஆம்னியின் பக்கக் கதவு இழுத்துத் திறப்பது. அதன் இரும்புத் தடம் உப்பில் துருப்பிடித்து, திறக்கும்போதெல்லாம் கரகரவென்று கத்தும். இரும்போடு இரும்பு உரசுகிற சத்தம். நூறு தடவை கேட்டு, எண்ணெய் விடச் சொல்லித் திட்டிய சத்தம்தான். அன்றைக்கு அந்த உரசலில் ஒரு பொறி பறந்தால் போதும். முன் கதவு வழியாக ஒரு பிள்ளையிடம் தண்ணீர் பாட்டிலைக் கேட்டு வாங்கி, தடம் முழுக்க ஊற்றினேன். பிறகு கதவை அங்குலம் அங்குலமாக நகர்த்தினேன். கர்... என்று கேட்டதும் நிறுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி நகர்த்தினேன்.

"எல்லாரும் வெளையாட்டு மாரி ஒவ்வொருத்தரா எறங்கணும். ஓடக்கூடாது, பைய அங்கயே வுட்டுருங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது. எப்போதும் கத்துகிற ஆள் மெதுவாகப் பேசியதில் பிள்ளைகள் பயந்துபோய்ச் சொன்னபடி கேட்டார்கள்.

பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த வேலம்மாள் என்ற கூலிக்காரப் பெண் வரப்பேறி வந்து, "இன்னாங்க ஆச்சு?" என்றாள். பிள்ளைகளைக் காற்று வருகிற பக்கமாகத் தூரத்தில் கூட்டிப் போகச் சொன்னேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் இரண்டு சின்னதுகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். நான் எண்ணினேன். பத்து. மறுபடி எண்ணினேன், பத்து. சட்டென்று திரும்பினேன். கடைசியாக என் மகள், விரலை வாயில் வைத்துச் சூப்பியபடி, என் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள்.

அவளைத் தூக்கி ஜான்சனிடம் கொடுத்து ஓடச் சொன்னேன். பிறகு வேனைப் பார்த்தேன்.

சிலிண்டரின் வால்வை மூட வேண்டும். மூடாவிட்டால் இன்னும் எவ்வளவு நேரம் ஒழுகுமோ, பக்கத்தில் லாரிகள் வேறு போய்க்கொண்டிருந்தன. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் போக மனமில்லை. ஜான்சனை அனுப்பினால் என்ன என்றுகூட நினைத்தேன். அவன் என் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவது தெரிந்தது. அதனால்தான் போனேன், தைரியத்தால் இல்லை.

பின் கதவை மெல்லத் தூக்கி, கொஞ்ச நேரம் காற்றாட விட்டேன். அப்போதுதான் அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. ஸ்ஸ்... என்று ஒரு கொசு அளவுக்குச் சின்னதாக. இரண்டு வாரமாக அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. என் காது ஓடுகிற இன்ஜினையே கேட்டுப் பழகிய காது. நிற்கிற வண்டியை நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

பைப் சேரும் இடத்தைச் சுற்றிக் கைப்பிடி அளவுக்கு வெள்ளை. நடுவில் சின்னதாக ஒரு விரல் தடம், என் மகளுடையது. வால்வைப் பிடித்துத் திருகினேன். விரல் தோல் ஒட்டிக்கொண்டு உரிந்தது. சத்தம் நின்றது.

இன்னும் கொஞ்சம் காற்றாடவிட்டு, ஸ்பேனருக்குத் துணி சுற்றி அந்தப் பைப் மூட்டைக் கழற்றினேன். நான் போட்ட வாசர் கையோடு வந்தது. ரப்பர் மாதிரியே இல்லை, காய்ந்த வடகம் போல் விறைத்து மூன்று இடத்தில் வெடித்திருந்தது. உப்புத் தண்ணீருக்கு வருஷக்கணக்கில் தாங்குகிற ரப்பரைக் கேஸ் ஆறு மாதத்தில் தின்றுவிட்டது. மேலே அடுக்கிய மூட்டைகள் வாராவாரம் அதை அசைத்துவிட்டிருக்கின்றன. இன்ஜின் இடித்ததும் இதனால்தான், போய்ச் சேர வேண்டிய கேஸ் வழியிலேயே போய்விட்டது. நான் பிளக்கை மாற்றிக்கொண்டும் வயருக்கு டேப் சுற்றிக்கொண்டும் இருந்திருக்கிறேன்.

வரப்பில் ஜான்சன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து என்னிடம் நீட்டினான். தீப்பெட்டி.

"நாத்தம் தாங்கலன்னு புள்ளைங்க சொல்லிச்சுண்ணா. நீ வர்றதுக்கு முன்னால ஊதுபத்தி ஏத்தலாம்னு பார்த்தேன். பனியில நமத்துப் போச்சு போல. நாலு குச்சி ஒரசுனேன், ஒண்ணும் பத்தல." சொல்லி முடிக்கும்போது அவன் அழுதுகொண்டிருந்தான்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். தீப்பெட்டியைப் பாத்தித் தண்ணீரில் வீசினேன். உள்ளங்கையில் இருந்த வாசரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது மாதிரி டப்பா நிறைய இருக்கிறது என்று மனதுக்குள் ஓடியது. அதில் இன்னும் ஒன்றை எடுத்து எங்கே போட்டேன் என்பதும் அடுத்த நொடியே ஞாபகம் வந்தது.

"உன் செல்லக் குடு" என்று ஜான்சனிடம் பிடுங்கினேன். வேனுக்கு எதிர்ப்பக்கமாக வரப்பிலேயே ஓடிக்கொண்டு தங்கராசின் நம்பரை அழுத்தினேன். மணி எட்டரையைத் தாண்டியிருந்தது. கீழ்புத்துப்பட்டில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கோட்டக்குப்பம் பக்கம் பள்ளிக்கூடத்துக்குப் போகிற நேரம். முதல் தடவை மணி அடித்து அடித்து நின்றது. இரண்டாவது தடவையும் அடித்தது.

"சொல்லுண்ணா" என்றான் தங்கராசு. அவன் குரலுக்குப் பின்னால் இன்ஜின் சத்தம் கேட்டது. ஏறி இறங்கி, மூச்சு வாங்கி, ஏறி இறங்கி. எனக்குத் தெரிந்த சத்தம்.

"எங்கடா இருக்க?"

"ரோட்டோரம் நிறுத்தியிருக்கேண்ணா. ஒரு புள்ள வரணும். உனக்கே போன் போடலாம்னு இருந்தேன், காலைல இருந்து வண்டி இடிக்குது."

"பைப்புல வெள்ளையா இருக்குதா?"

"இருக்குதுண்ணா. நீ சொன்ன மாரி டெய்லி தொடைக்கிறேன், தொடைக்கத் தொடைக்க பூக்குது."

"தங்கராசு, நான் சொல்றத மட்டும் கேளு. சாவியத் தொடாத, திருப்புனா பொறி பறக்கும், வண்டி ஓடிகினு இருக்கட்டும். செல்லு பட்டன் எதையும் அமுக்காத, அப்படியே வெளிய தரையில வச்சிடு. கதவு தடத்துல தண்ணி ஊத்தி, மெதுவா தொறந்து புள்ளைங்கள எறக்கு. ஓட்டமா தூரம் இட்டுகினு போ."

"இன்னாண்ணா சொல்ற?"

"எறக்குடா!"

செல்லைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு காலடிச் சத்தம். நான் இன்னொரு காதைப் பொத்திக்கொண்டேன். பனிக்குள் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு வண்டி, என்னால் செய்ய முடிந்தது கேட்பது மட்டும்தான். கர்... என்று கதவு நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. ஒரு பிள்ளை எதற்கோ சிரித்தது. செருப்புக் கால்கள் ஒவ்வொன்றாக மண்ணில் குதித்தன, நான் எண்ணினேன். ஆறு வரைக்கும் தெளிவாகக் கேட்டது. பிறகு எல்லாம் குழம்பிவிட்டது. இன்ஜின் ஒரு முறை திணறி, பட்டென்று ஒரு வெடி விட்டது.

பிறகு இன்ஜின் தானாகவே நின்றுவிட்டது. காற்று மட்டும் கேட்டது. வேலம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு பிரியங்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எவ்வளவு நேரம் ஆனதோ, செல்லைத் தரையிலிருந்து எடுத்துக்கொண்டு யாரோ ஓடுவது கேட்டது.

"ண்ணா" என்றான் தங்கராசு, மூச்சிரைக்க. "ஒம்போது பேரும் எறங்கிட்டாங்கண்ணா. அந்தப் பக்கம் கோயில்கிட்ட நிக்கிறாங்க."

"எண்ணுனியா?"

"ரெண்டு தபா எண்ணிட்டேண்ணா. வண்டிக்கு இன்னாண்ணா ஆச்சு? அந்த உப்பாலயா?"

"உப்பு இல்லடா" என்றேன். "என்னாலதான்."